தலை அளந்த வகுப்பு

பேச்சுப் போட்டியில் அந்த மாணவிக்கு இரண்டாம் பரிசு கொடுத்த மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி. தலைப்பு ‘என்னைக் கவர்ந்த தலைவர்’. மற்ற பிள்ளைகள் எல்லாரும் நாம் வழக்கமாகக் கேட்கும் பெயர்களைச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். பத்தாம் வகுப்பில் படித்த இவள் மட்டும் இரண்டாம் உலகப் போரை மூட்டிய ஜெர்மன் சர்வாதிகாரியின் பெயரைச் சொன்னாள். விழுந்து கிடந்த நாட்டைத் தூக்கி நிறுத்தினார், சொன்னதைச் செய்தார் என்றெல்லாம் கையை நீட்டி நீட்டிப் பேசினாள். எங்கும் திணறவில்லை. யூதர்கள் என்ற சொல் ஒரே இடத்தில் வந்தது. ‘நாட்டுக்குள்ளேயே இருந்த துரோகிகள்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். உச்சரிப்புக்கு நான் பத்துக்கு ஒன்பது போட்டேன்.

கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் போகிற வழியில் இருக்கும் ஒரு பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. அன்றைக்கு மத்தியானம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். வரலாறு எடுக்கும் டீச்சர் உள்ளே வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

“நீங்களுமா மார்க் போட்டீங்க?”

“நல்லாப் பேசினா டீச்சர். மத்தவங்க எல்லாம் மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சாங்க.”

“என்ன பேசினான்னு கேட்டீங்களா?”

கேட்டேன்தான். ஆனால் குரலையும் கையசைவையும்தான் கவனித்திருக்கிறேன். யூதர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் பத்தாவது படித்தபோது புத்தகத்தில் இருந்த ஒரு பத்தி. ஒரு மதத்துக்காரர்களை, அதுவும் லட்சம் லட்சமாக, கொன்றார்கள் என்று தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்த டீச்சருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் முஸ்லிம் தெருவில் வீடு. கணவர் துபாயில். சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குச் சாப்பிடாமலேயே எச்.எம். அறைக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு திட்டம் இருந்தது. பத்தாம் வகுப்பு வரலாற்றில் உலகப் போர் பாடம் வரும் அதே வாரங்களில் தமிழ், கணக்கு, அறிவியல் ஆசிரியர்களும் ஆளுக்கு ஒரு பீரியட் இதற்குத் தர வேண்டும். “இதை வரலாறுன்னு மட்டும் நடத்தினா பிள்ளைங்க அஞ்சு மார்க்குக்குப் படிச்சிட்டுப் போயிடும். அங்க அந்த வெறுப்பை எல்லாப் பாடத்திலயும்தான் சொல்லிக் கொடுத்தாங்க. அதை எடுத்துக் காட்டறதும் எல்லாப் பாடத்திலயும் நடக்கணும்” என்றார்.

எச்.எம். அம்மா ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை. “பாடத்தை ஒட்டி இருக்கணும். யாராவது பெட்டிஷன் எழுதற மாதிரி ஒண்ணும் நடக்கக் கூடாது.”

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. சம்பா நடவு முடிந்து, பள்ளியைச் சுற்றி வயலெல்லாம் தண்ணீர் நின்றது. டீச்சரின் முதல் வகுப்பில், எனக்கு அப்போது பீரியட் இல்லாததால், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். போரிலிருந்து ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். பல நூறு வருஷம் பின்னால் போனார். ஐரோப்பாவில் கொள்ளைநோய் வந்து ஊர் ஊராகச் செத்தபோது, யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று கிளம்பிய வதந்தி. அதற்காகக் கொளுத்தப்பட்ட மனிதர்கள். நிலம் வாங்கக் கூடாது, இன்ன தொழில் செய்யக் கூடாது, சட்டையில் அடையாளம் தைத்துக்கொள்ள வேண்டும், ஊருக்குள் அவர்களுக்கென்று தனித் தெரு, இருட்டியதும் அந்தத் தெருவின் கதவைப் பூட்டிவிடுவார்கள். டீச்சர் இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

தனித் தெரு என்ற சொல் வந்தபோது மூன்றாவது பெஞ்ச் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுதுவதை நிறுத்தினாள். பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்துவிட்டு, டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை எனக்குத் தெரியும். பேசிப் பழகியதில்லை. அவள் எந்தத் தெரு என்று தெரியும். பக்கத்துக் கிராமத்தில் காலனி என்று சொல்கிற தெரு. முன்பு பண்ணைகளில் வேலை செய்த குடும்பங்கள் இருக்கும் தெரு. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அப்படி ஒரு தெருவில் பிறந்தவள். அம்மா நடவுக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தாள். கல்யாணமாகிக் கும்பகோணத்துக்கு வந்து, இந்தப் பள்ளியில் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் திருக்காட்டுப்பள்ளி என்பேன். அது கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டும் இருக்கிற ஊர். அதற்குப் பக்கத்தில் இருக்கும் என் கிராமத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அந்தப் பெண்ணோடு நான் பேசிப் பழகாததற்கும் காரணம் அதுதான் என்று இப்போது தெரிகிறது.

அடுத்து தமிழ் ஐயாவின் பீரியட். அந்தக் காலத்து ஜெர்மன் பத்திரிகைகள் யூதர்களை எலி என்றும் பேன் என்றும் கிருமி என்றும் எழுதியதைச் சொன்னார். பிறகு, மற்ற மனிதர்களைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் பேசிக் கேட்ட சொற்களை, பேர் போடாமல் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தரச் சொன்னார். வந்த தாள்களைப் பிரித்துப் பார்த்தார். நாலைந்து பார்த்திருப்பார். எல்லாவற்றையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இதை நான் வாசிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். பீரியட் முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்ததாம். அதுவரை யாரும் பேசவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

கணக்கு டீச்சர், போர்டில் ஒரு விழுக்காட்டுக் கணக்கு எழுதினார். ஒரு நாட்டில் இத்தனை பேர், அதில் ‘அந்நியர்’ இத்தனை பேர், அந்நியர் எத்தனை விழுக்காடு? நாற்பத்தைந்து பிள்ளைகளும் போட்டுவிட்டார்கள். விடை சரி. இந்தக் கணக்கில் என்ன தப்பு என்று கேட்டார். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்களே தவிர ஒருத்திக்கும் தெரியவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த யூதர்களைத்தான் அந்தக் கணக்கு அந்நியர் என்கிறது, இப்படிப்பட்ட கணக்குகள் அங்கே பள்ளிப் புத்தகங்களிலேயே இருந்தன என்று அவர் சொன்ன பிறகுதான் வகுப்பு அடங்கியது.

அடுத்தது என் முறை.

நான் நன்றாகத்தான் தயார் செய்தேன். அந்த நாட்டு உயிரியல் வகுப்புகளில் இனம் என்பதை அறிவியல் என்று சொல்லி நடத்தியிருக்கிறார்கள். தலையின் நீளம், அகலம், மூக்கின் வளைவு, கண்ணின் நிறம் எல்லாவற்றையும் அளந்திருக்கிறார்கள். போனில் ஒரு பழைய படம் பார்த்தேன். கையில் அளவுக் கருவியோடு நிற்கும் ஒருவர், எதிரே ஒரு குழந்தையின் தலை. யூதப் பிள்ளைகளைக் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வைத்து, மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாடம் நடத்தினார்கள் என்றும் படித்தேன். என் திட்டம் இதுதான். பிள்ளைகள் ஆறு குழுவாகப் பிரிந்து ஒருவர் தலையை ஒருவர் அளக்க வேண்டும். அளவுகளைப் பேர் இல்லாமல் போர்டில் எழுத வேண்டும். இதில் யார் எந்த மதம், எந்த ஊர் என்று சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். யாராலும் சொல்ல முடியாது. அதோடு அந்த அறிவியல் பொய்யென்று தானாகப் புரிந்துவிடும்.

தையல் டீச்சரிடம் ஆறு டேப் கேட்டிருந்தேன். அன்றைக்குக் காலையில் அவர் பீரோவில் ஒன்றுதான் இருந்தது. பீரியட்டை மாற்றியிருக்கலாம். செய்யவில்லை. ஒருத்தியை முன்னால் அழைத்து அளந்து காட்டினால் போதும் என்று நினைத்தேன்.

“யாராவது ஒருத்தர் முன்னாடி வாங்க.”

யாரும் எழவில்லை. என் கண் மூன்றாவது பெஞ்ச் ஓரத்தில் நின்றது.

“நீ வாம்மா.”

ஏன் அவளைக் கூப்பிட்டேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். ஓரத்தில் இருந்தாள், எழுந்து வர எளிது. அமைதியான பெண். மாட்டேன் என்று சொல்ல மாட்டாள். அந்தக் கடைசிக் காரணம்தான் உண்மையானது.

அவள் வந்து கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். நான் டேப்பை அவள் நெற்றியைச் சுற்றி வைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவளின் தெளிவான குரல்.

“அளக்கவே வேணாம் டீச்சர். அவ எந்தத் தெருன்னு பார்த்தாலே தெரியுதே.”

சிரிப்பு எழுந்தது. முழு வகுப்பும் சிரிக்கவில்லை. பத்துப் பேர் இருக்கும். அது போதுமாக இருந்தது.

என் விரல்கள் அந்தப் பெண்ணின் தலையில் இருந்தன. அவள் அசையவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியவை என்னென்ன என்று இன்று ஒரு நோட்டு நிறைய எழுதுவேன். அன்று நான் சொன்னது ஒன்றே ஒன்று.

“சத்தம் போடாதீங்க.”

பிள்ளைகள் அரட்டை அடித்தால் சொல்வதைப் போலச் சொன்னேன். பிறகு டேப்பைப் பார்த்து அளவைப் படித்தேன். திரும்பி, போர்டில் அந்த எண்ணை எழுதினேன். கை பழக்கத்தில் எழுதியது. பாடத்தின் மீதியையும் ஏதோ நடத்தினேன். தலை அளவுக்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னதாக நினைவு. மணி அடித்தது.

“எப்படிப் போச்சு?” என்று வரலாற்று டீச்சர் கேட்டார்.

“நல்லாப் போச்சு” என்றேன்.

மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. அடுத்த நாள் மழைக்காக லீவு விட்டார்கள். அதற்கடுத்த நாளும் அவள் இடம் காலியாக இருந்தது. வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு மூடினேன். காய்ச்சலாக இருக்கும், மழைக்காலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் சோறு வடிக்கும்போது கையில் கஞ்சியைக் கொட்டிக்கொண்டேன். கணவர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை காலையில் எச்.எம். கூப்பிட்டனுப்பினார். வரலாற்று டீச்சர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முஸ்லிம் தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். முன்பு வளைகுடாவில் பல வருஷம் இருந்தவர். அவர் மகளும் அதே வகுப்பு.

“நீங்க நம்ம தெருப் பொண்ணு. அதனாலதான் வெளியில எங்கயும் போகாம நேரா வந்து கேக்கறேன்” என்று அவர் வரலாற்று டீச்சரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். “காசாவுல தினம் பிள்ளைங்க செத்துட்டிருக்கு. போன்ல பாத்துட்டு எங்களுக்குச் சோறு இறங்கல. இந்த நேரத்துல யூதனுக்காக அழுவுங்கன்னு எங்க பிள்ளைங்களுக்கே பாடம் நடத்தறீங்களே, இது நியாயமா?”

“நானும்தான் பாக்கறேன் மாமா. எனக்கும் தூக்கம் இல்ல. அதைப் பத்திப் பிள்ளைங்க கேட்டா பதில் சொல்றேன், ஒண்ணும் மறைக்கல” என்றார் டீச்சர். “ஆனா அன்னைக்குக் கொன்னதும் பிள்ளைங்களைத்தானே? இன்னைக்குக் கோபம் இருக்குங்கறதுக்காக அந்தப் பிள்ளைங்களை இல்லைன்னு சொல்லணுமா?”

“அது எப்பவோ நடந்தது.”

“போன மாசம் ரயில்ல உங்க தாடியைப் பாத்துட்டு ஒருத்தன் எழுந்து தள்ளி உட்கார்ந்தான்னு நீங்கதான் எங்க வாசல்ல நின்னு சொன்னீங்க. ஒரு ஆளை வச்சு ஒரு ஜனத்தையே அளக்கறது உங்களுக்கு வலிச்சுது. அதைத்தான் நான் நடத்தறேன்.”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது, வாசலில் பியூன் வந்து நின்றார். பெற்றோர் ஒருவர் வந்திருக்கிறார், உடனே பார்க்க வேண்டும் என்கிறார் என்றார். எச்.எம். சரியென்பதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார். சட்டை தோளில் நனைந்திருந்தது. வயது நாற்பதுக்கு மேல் இருக்கும்.

“பத்தாவது படிக்கற பொண்ணோட அப்பாங்க” என்று மகளின் பெயரைச் சொன்னார். “அறுப்பு மெஷின் ஓட்டறேன். எம் பொண்ணு பள்ளிக்கூடம் வரமாட்டேங்குது. காய்ச்சல்னு சொல்லுச்சு. தொட்டுப் பாத்தா சூடே இல்ல. நேத்துதான் அவ அம்மாகிட்டச் சொல்லியிருக்கு. எம் பொண்ணு தலையில டேப் வச்சு அளந்தது யாருங்க?”

நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

“நான்தாங்க” என்றேன்.

“எதுக்குங்க?”

நான் விளக்கினேன். ஜெர்மனி, இனம், பொய்யான அறிவியல் என்று நீளமாகப் பேசினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நான் நிறுத்தியதும், “அப்படி அளக்கறது தப்புன்னு சொல்லிக் கொடுக்கறதுக்காக அளந்தீங்க” என்றார்.

“ஆமாங்க.”

“சரி. ஒரு பொண்ணு எங்க தெருவைச் சொல்லிக் கிண்டல் பண்ணுச்சாமே. அப்ப நீங்க என்ன சொன்னீங்க?”

வரலாற்று டீச்சர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். அப்படி ஒன்று நடந்தது அவருக்கு அப்போதுதான் தெரியும்.

“சத்தம் போடாதீங்கன்னு சொன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு, “நீங்க எந்த ஊருங்க?” என்று கேட்டார்.

“திருக்காட்டுப்பள்ளி.”

“ஊருக்குள்ளயேவா, பக்கத்துலயா? அறுப்புக்கு வருஷா வருஷம் அந்தப் பக்கம்தான் போறேன்.”

பன்னிரண்டு வருஷம் சொல்லாத கிராமத்தின் பெயரை எச்.எம். முன்னால், துணிக்கடைக்காரர் முன்னால் சொன்னேன்.

“அங்க எந்தப் பக்கம்?”

எங்கள் ஜில்லாவில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

“வாய்க்காலுக்குத் தெக்காலங்க.”

அவர் முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே டீச்சர்.”

துணிக்கடைக்காரர் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். “உட்காருங்க தம்பி” என்றார். அவர் உட்காரவில்லை. துணிக்கடைக்காரரும் திரும்ப உட்காரவில்லை. கொஞ்ச நேரம் அந்த நாற்காலி நடுவில் காலியாகக் கிடந்தது.

எச்.எம். அம்மாதான் பேசினார். “நான் முதல்லயே சொன்னேன். இதோட எல்லாத்தையும் நிறுத்திடலாம். கிண்டல் பண்ணின பொண்ணு மேல நடவடிக்கை எடுக்கறேன். புத்தகத்துல இருக்கறதை மட்டும் நடத்துங்க.”

“நிறுத்தச் சொல்லி நான் வரலைங்க” என்றார் அந்தத் தகப்பன். “பாதியில விட்டீங்கன்னா எம் பொண்ணு தலையில டேப் வச்சது மட்டும்தான் அந்தப் பிள்ளைங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆரம்பிச்சதை முடிச்சுக் கொடுங்க. எப்படி முடிப்பீங்களோ, அது உங்க படிப்பு.”

அவர் போன பிறகு துணிக்கடைக்காரரும் கிளம்பினார். வாசலில் நின்று, “நான் கேட்டதுக்கு இன்னும் எனக்குப் பதில் வரல” என்று வரலாற்று டீச்சரிடம் சொன்னார். ஆனால் குரலில் முதலில் இருந்த சூடு இல்லை.

தாழ்வாரத்தில் டீச்சர் எனக்கு முன்னால் நடந்தார். ஆசிரியர் அறை வாசல் வரை வந்தவர் நின்றார். “நல்லாப் போச்சுன்னு சொன்னீங்களே டீச்சர்” என்றார். அவர் என்னிடம் அதைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான்.

சனிக்கிழமை நான் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி முக்கால் மைல், ரோட்டுக்கு இருபுறமும் தண்ணீர். அரசு கட்டிக்கொடுத்த ஓட்டு வீடு. அப்பா வேலைக்குப் போயிருந்தார், அம்மா உள்ளே இருந்தார். அவள்தான் வாசலுக்கு வந்தாள். பள்ளியில் பார்த்ததைவிட வீட்டில் உயரமாகத் தெரிந்தாள்.

“மன்னிச்சுடும்மா” என்றேன். வழியெல்லாம் யோசித்து வந்ததில் அந்த ஒரு சொல்தான் வாயில் வந்தது.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அந்தப் புள்ள சொன்னது எனக்குப் புதுசு இல்ல டீச்சர். பஸ்ல, டியூஷன்ல எல்லாம் கேட்டிருக்கேன். வீட்டுக்கு வந்தா மறந்துடும். நீங்க அந்த நம்பரைப் போர்டுல எழுதினீங்க பாருங்க. எல்லாரும் சிரிச்ச பிறகும் திரும்பி நின்னு எழுதினீங்க. அதுதான் மறக்கல.”

நான் திங்கட்கிழமை அந்த வகுப்பைத் திரும்ப எடுக்கப் போவதாகச் சொன்னேன். நடந்ததைப் பேசப் போகிறேன், நீ வர விரும்பாவிட்டால் அந்தப் பீரியட் நூலகத்தில் இருக்கலாம், உனக்கு இஷ்டமில்லையென்றால் நான் பேசவே மாட்டேன் என்றேன்.

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

“வர்றேன். எம் பேரைச் சொல்லக் கூடாது. எங்க தெருவைச் சொல்லக் கூடாது. பேசறப்ப என்னைப் பாக்கக் கூடாது.”

“சரிம்மா.”

“நீங்களும் எங்க மாதிரின்னு அப்பா சொன்னாங்க. அதையும் வகுப்புல சொல்லாதீங்க டீச்சர். நீங்க சொன்னா எல்லாரும் உங்களைப் பாவம்னு நினைப்பாங்க. அப்புறம் என்னைப் பாப்பாங்க.”

அதைச் சொல்லத்தான் போகிறேன் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். அது பெரிய தைரியம் என்றுகூட நினைத்திருந்தேன். அவளிடம் சரியென்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தேன். வரலாற்று டீச்சர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன்.

“போன வகுப்புல நான் ஒரு தப்பு பண்ணினேன். யூதப் பிள்ளைங்களைக் கரும்பலகை முன்னாடி நிறுத்தினாங்கன்னு படிச்சேன். அது கொடுமைன்னு உங்களுக்குச் சொல்லணும்னு நினைச்சேன். ஆனா நானும் ஒருத்தரைக் கரும்பலகை முன்னாடி நிறுத்தினேன். சிரிப்பு வந்தப்ப நான் நிறுத்தல. அளவை எழுதினேன். அந்த ஊர்ல அப்படி அளந்தவங்களும் என்னை மாதிரி டீச்சருங்கதான். பாடத்தை ஒழுங்கா நடத்தணும்னு நினைச்சவங்கதான்.”

பேச்சுப் போட்டிக்காரி தலை குனிந்திருந்தாள். அவளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது.

“ஒரு பேச்சுக்கு நான் மார்க் போட்டேன். பேசினவங்க மேல தப்பைப் போடறதுக்கு முன்னாடி, அதைக் கேட்டுட்டு ஒன்பது மார்க் போட்ட என்னைத்தான் கேக்கணும்.”

அவள் எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. கோபத்திலா அழுகையிலா என்று தெரியவில்லை. “நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன் டீச்சர்.”

“தெரியும். சிரிச்சவங்களும் விளையாட்டுக்குத்தான் சிரிச்சாங்க.”

அவள் உட்காரவில்லை. நிற்கட்டும் என்று நானும் விட்டேன். பிறகு, மேடையில் பேசிய குரல் இல்லை, வேறு ஒரு சின்னக் குரலில் கேட்டாள். “அங்க அந்தப் பிள்ளைங்களுக்குப் பக்கத்து பெஞ்சுல உட்கார்ந்திருந்தவங்க, அப்புறம் அவங்களை ஸ்கூலை விட்டு அனுப்பினப்ப என்ன டீச்சர் சொன்னாங்க?”

எனக்குத் தெரியவில்லை. வரலாற்று டீச்சரைப் பார்த்தேன்.

“சில பேர் அழுதாங்க, சில பேர் கூடவே இருந்தாங்க” என்று அவர் பின்னாலிருந்து சொன்னார். “நிறையப் பேர் ஒண்ணும் சொல்லல. காலி இடத்துல நகர்ந்து உட்கார்ந்துட்டாங்க.”

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. வாக்கு கொடுத்தபடி மூன்றாவது பெஞ்ச் பக்கம் திரும்பவே இல்லை. அதனால் அந்த நாற்பது நிமிஷமும் அந்தப் பெண் என்ன முகத்தோடு உட்கார்ந்திருந்தாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வகுப்பு முடிந்தபின் வரலாற்று டீச்சரிடம் கேட்டேன். “எழுதிட்டிருந்தா” என்றார். என்ன எழுதினாள் என்று அவருக்கும் தெரியவில்லை.

பெட்டிஷன் எதுவும் வரவில்லை. துணிக்கடைக்காரர் வரலாற்று டீச்சர் வீட்டு வாசலில் நின்று இரண்டு முறை மறுபடியும் வாதம் செய்தாராம். ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பாடத்தை நிறுத்து என்று பிறகு சொல்லவில்லை. அரையாண்டு வந்தது, பொங்கல் வந்தது, சம்பா அறுப்பு முடிந்தது, பொதுத்தேர்வும் முடிந்தது. அந்தப் பெண் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. என் வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். தானாகக் கை தூக்கியதில்லை.

ரிசல்ட் வந்தபின் ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு விண்ணப்பம் வாங்கும் மேஜையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். வரிசையில் அவளும் அவள் அப்பாவும் வந்தார்கள். நல்ல மார்க். கும்பகோணத்தில் எந்தப் பள்ளியிலும் கிடைத்திருக்கும். விண்ணப்பத்தில் பயாலஜி குரூப் என்று எழுதியிருந்தாள்.

நான் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

“நர்சிங் போகணும் டீச்சர்” என்றாள். “அதுக்கு இந்தக் குரூப்தான் எடுக்கணும்.”

“இந்தப் பாடம் நீங்க எடுப்பீங்களாங்க?” என்று அவள் அப்பா கேட்டார்.

“இல்லைங்க. ப்ளஸ் ஒன்னுக்கு வேற டீச்சர். நான் பத்தாவது வரைக்கும்தான்.”

“சரிங்க” என்றார்.

அந்தச் சரியில் இருந்தது நிம்மதியா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவர் போட்டார். அவளும் போட்டாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அடுத்த விண்ணப்பத்துக்குக் கை நீட்டினேன்.